மூன்று புள்ளிக்கு ஒரு நிறம்

போன வாரம் எடிட்டிங் அறைக்குள் எட்டிப் பார்த்தேன். உங்களில் ஒருவர் ஒரு காட்சியின் மூலையைப் பெரிதாக்கி, இன்னும் பெரிதாக்கி, "மேடம், இங்க பாருங்க, கதவுக்குப் பின்னாடி ஒரு ஆள் நிக்கிறான்" என்றார். ஆளா, திரைச்சீலையா என்று கேட்டேன். "ஆள்தான் மேடம், அதான் தெளிவாத் தெரியுதே" என்றார். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ, கத்திவிட்டேன். பாவம், கையில் இருந்த டீயைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். ரிட்டையர் ஆன கிழவி எதற்கு இங்கே வந்து கத்துகிறாள் என்று நீங்கள் எல்லாரும் நினைத்திருப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் காரணத்தைச் சொல்லாமல் போனால் எனக்கே தூக்கம் வராது.

"தெளிவாத் தெரியுதே" என்ற அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குக் கொல்லிமலை ஞாபகம் வரும். சடையன் ஞாபகம் வரும்.

இரண்டாயிரத்தை ஒட்டிய வருடங்கள் அவை. நான் வீடியோ இன்ஜினியர். படப்பிடிப்பில் கேமராவும் டேப்பும் மானிட்டரும் ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று பார்ப்பது என் பொறுப்பு. ஹெச்டி டேப் அப்போதுதான் நம் பக்கம் வந்திருந்தது. நீங்கள் விரல் நகம் அளவு கார்டில் போட்டுக்கொண்டு போகிறீர்கள். எங்களுக்கு அரை அங்குல அகல டேப். கேமராவுக்குள் போகிற சின்னக் கேசட்டில் நாற்பது நிமிடம்தான் பிடிக்கும். அந்த டேப்பைப் போட்டுப் பார்க்கிற டெக் சென்னையிலேயே விரல் விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் இருந்தது. ஹெச்டி என்று சொன்னால் போதும், தயாரிப்பாளர்கள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார்கள். இலையை எண்ணலாம், நரைமுடியை எண்ணலாம் என்று ஒரே பேச்சு.

எண்ணலாம்தான். ஆனால் அந்த டேப்பின் குணம் என்ன என்று யாரும் கேட்டதில்லை. கேமரா ஒரு கோட்டில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது புள்ளிகளைப் பார்க்கும். டேப்பில் ஏறுவது ஆயிரத்து நானூற்று நாற்பதுதான். திரும்பப் போடும்போது மெஷின் அதை இழுத்து நீட்டி, விட்ட இடத்தைத் தானே நிரப்பிக் காட்டும். நிறத்தின் கதை இன்னும் மோசம். வெளிச்சத்தை ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனியாக எழுதி வைக்கும். நிறத்தை மட்டும் பக்கத்துப் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளிக்கும் சேர்த்து ஒன்றுதான் எழுதும். எல்லாவற்றையும் எழுத டேப்பில் இடம் கிடையாது. மனிதக் கண் வெளிச்சத்தில் கறார், நிறத்தில் ஏமாளி. அதனால் யாருக்கும் தெரியாது என்று கணக்குப் போட்டுத்தான் அப்படிச் செய்தார்கள். நல்ல கணக்குதான். முகத்தை எடு, மலையை எடு, அருவியை எடு, ஒரு குறையும் தெரியாது. தூரத்தில் அரிசிமணி அளவுக்கு நகர்கிற ஒரு மனிதனின் தலையில் என்ன நிறத் துண்டு என்று அதனிடம் கேட்கக் கூடாது. அவ்வளவுதான்.

ஒரு வெளிநாட்டுக் கம்பெனிக்காக மலைக் காட்சிகள் எடுக்கப் போனோம். சேந்தமங்கலத்தில் டீசல் நிரப்பி, வளைவு வளைவாக ஏறி, வளப்பூர் நாட்டில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்துத் தங்கினோம். அந்த மலையில் பத்துப் பதினைந்து ஊர் சேர்ந்தால் அதை ஒரு நாடு என்பார்கள். மிளகு பறிக்கிற பருவம். எங்கே பார்த்தாலும் முள்முருங்கை மரத்தில் மிளகுக்கொடி ஏறியிருக்கும். அந்த மரங்கள் பூக்கிற காலமும் அதுதான். இலை உதிர்ந்து, கிளை முழுக்க ரத்தச் சிவப்பாய்ப் பூ. இயக்குநருக்குத் தலைகால் புரியவில்லை. பனி விலகுகிற நேரமெல்லாம் அந்தச் சிவப்பையே எடுத்துக்கொண்டிருந்தார்.

ஜீப் போகாத மேட்டுக்குச் சாமான் தூக்க உள்ளூரில் ஆள் பிடித்தோம். அப்படி வந்தவர்தான் சடையன். நாற்பதைத் தாண்டியவர். கொஞ்சம் மிளகு, கொஞ்சம் மரவள்ளி, ஒரு மனைவி, கல்யாண வயதில் ஒரு மகள். தலையில் எப்போதும் ஒரு சிவப்புத் துண்டு. கலர் மானிட்டரை வேறு யாரும் தொட விடமாட்டார். அதை அவர் "கண்ணாடிப் பொட்டி" என்பார். துண்டைச் சும்மாடாகச் சுற்றி, பெட்டியைத் தலையில் வைத்து, பாறையில் ஆடு ஏறுகிற மாதிரி ஏறுவார். மானிட்டரில் சிவப்பு சரியாக வருகிறதா என்று பார்க்க நானும் தினம் காலையில், "சடையண்ணே, கொஞ்சம் அப்படி நில்லுங்க" என்று அவர் துண்டைத்தான் கேமராவுக்குக் காட்டச் சொல்வேன்.

"ஏனுங்க அம்மிணி, எம்பட துண்டு இல்லாட்டி உங்க பொட்டிக்குக் கண்ணு தெரியாதாட்ட இருக்குதே" என்று சிரிப்பார். ஊரே அதைச் சொல்லிக் கிண்டல் செய்தது. கேமராத் துண்டு என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது.

மகளுக்குப் பெரக்கரை நாட்டில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார். மிளகு விற்றதும் கல்யாணம். எங்கள் எல்லாரையும் அப்போதே அழைத்துவிட்டார். "படம் புடிக்கற மிசினோட வரோணுமுங்க" என்று கண்டிஷன் வேறு.

ஒரு நாள் மதியத்துக்கு மேல் தன் கொடியில் மிளகு பறிக்க வேண்டும் என்று சொல்லி அவர் போய்விட்டார். நாங்கள் ஒரு மேட்டின் மேல் கேமராவை வைத்து எதிர்ச் சரிவை நீளமாக எடுத்தோம். வீடுகள், களங்கள், பூத்த மரங்கள். அன்று சாயங்காலம் எதிர்ச் சரிவில் இருந்த காளியண்ணன் வீட்டில் ஒரே சத்தம். களத்தில் காய்ந்துகொண்டிருந்த மிளகை மூட்டை கட்டி ஓரமாக வைத்துவிட்டு வீட்டோடு ஒரு சாவுக்குப் போயிருக்கிறார்கள். வந்து பார்த்தால் ஒரு மூட்டையைக் காணோம். ஒரு மூட்டை மிளகு என்றால் அப்போது விளையாட்டில்லை.

மறுநாள் காலையில் சாமான் ஏற்றும்போது சடையனிடம் கேட்டேன், போலீசுக்குச் சொல்லப் போகிறார்களா என்று.

"போலீசு எதுக்குங்க? ஊர்க்கவுண்டரு கூட்டம் போட்டு, சந்தேகப்பட்ட ஆளுங்க அத்தன பேரும் கோயில்ல சூடம் அடிச்சுச் சத்தியம் பண்ணோணும்னு சொல்லிப் போடுவாரு. அதுக்கு முந்தியே மூட்டை களத்துக்கு வந்துருமுங்க."

"யார் கொண்டு வந்து வைப்பாங்க?"

"எடுத்தவன்தான். யாருன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. எரியற சூடத்தக் கையில தட்டி அணச்சுப் பொய் சொல்றதுக்கு எவனுக்குங்க தைரியம் வரும்?"

எனக்கு அது பிடித்திருந்தது. திருடினவனுக்கும் முகத்தை மறைத்துக்கொள்ள ஒரு வழி விட்டிருக்கிறார்களே என்று நினைத்தேன். ஆனால் அந்த வழியை அடைக்க நாங்கள் வந்திருந்தோம்.

காளியண்ணன் எங்களைத் தேடி வந்தார். "ஏனுங்க, நேத்து நீங்க அந்த மேட்டுல இருந்து புடிச்சீங்களாம். எங்க களம் உங்க பொட்டியில உழுந்திருக்குமுங்களா?"

இயக்குநர் முகத்தில் ஒரு பிரகாசம். "விழுந்திருக்குமாவா? உங்க களத்துல கோழி நின்னா அதையும் காட்டலாம்" என்றார்.

நான் அவரைத் தனியே இழுத்துப் போய், "சார், வேண்டாம். ரொம்ப தூரத்துல எடுத்தது. அந்த அளவுக்கு நிறமோ முகமோ டேப்ல நிக்காது" என்றேன்.

"மேடம், இது ஹெச்டி" என்றார். அதற்கு மேல் பேச்சில்லை. அவர் கெட்ட மனிதர் இல்லை. கையில் இருக்கிற பொருளின் மேல் பெருமை. நம் தொழிலில் முக்கால்வாசிப் பேருக்கு அந்த வியாதி உண்டு, எனக்கும் இருந்தது.

கோயில் முன்னால் இருந்த வெட்டவெளியில் கூட்டம் கூடியது. மானிட்டரைத் தலையில் சுமந்து கொண்டுவந்து, கல்மேடையில் பதமாக இறக்கி வைத்தவர் சடையன்தான். ஜெனரேட்டரைப் போட்டு, கேமராவிலிருந்து மானிட்டருக்கு வயர் இழுத்தோம். டேப் ஓடியது. பனி மேய்கிற சரிவு, காளியண்ணன் களம், அதற்குப் பக்கத்தில் பூத்துக் கிடந்த முள்முருங்கை. ஓர் ஆள் நடந்து வருகிறான். மரத்துக்கு முன்னால் வருகிறான். களத்துச் சுவருக்குப் பின்னால் மறைகிறான், அவன் வெளியே வருவதற்குள் காட்சி முடிந்துவிடுகிறது. அரிசிமணி அளவு ஆள், அதற்குள் எள் அளவு தலை. அந்தத் தலை சிவப்பாக இருந்தது.

இயக்குநர் ஓட்டிக் காட்டினார். பின்னால் இழுத்து, மரத்துக்கு முன்னால் வருகிற அந்த இடத்தையே திரும்பத் திரும்பக் காட்டினார்.

"அது சடையன் துண்டாட்ட இருக்குதே?" என்றது ஒரு குரல்.

சடையன் சிரித்தார். மெய்யாகவே சிரித்தார், கேலி செய்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு. "அட, நான் எங்கடா அங்க போனேன்? எங்காட்டுல கொடியில இருந்தேன்" என்றார். வேறு யாரும் சிரிக்கவில்லை. சுற்றிலும் பார்த்தார். அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போனதை நான் பார்த்தேன். இன்றைக்கும் அதை மறக்க முடியவில்லை.

நான் முன்னால் போனேன். "ஐயா, இந்தத் தூரத்துல நிறத்தை நம்பக் கூடாதுங்க. பக்கத்துல சிவப்புப் பூ இருக்கு. டேப்ல மூணு புள்ளிக்கு ஒரு நிறம்தான் எழுதும். பூவோட சிவப்பு தலையில ஏறியிருக்கலாம்" என்றேன்.

அந்த நேரத்தில் அந்த மனிதர்களிடம் போய் மூன்று புள்ளி, ஒரு நிறம் என்று பாடம் நடத்தினேன் பாருங்கள். ஊர்க்கவுண்டர் வயதானவர், பொறுமைசாலி. முழுவதும் கேட்டுக்கொண்டார். பிறகு இயக்குநரைப் பார்த்து, "இத்தன பெரிய மிசினு, இல்லாததக் காட்டுமுங்களா?" என்றார்.

"அது பார்த்ததைத்தான் காட்டும்" என்றார் இயக்குநர்.

ஊர்க்கவுண்டர் என் பக்கம் திரும்பினார். "அம்மிணி, அது சடையன் இல்லைன்னு நீங்க சொல்லுவீங்களா?"

நான் என்ன சொல்வேன்? டேப்பில் அது தெரியாது. ஆமாம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. "அப்படிச் சொல்ல முடியாதுங்க" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். கூட்டத்துக்கு அது வேறு மாதிரி கேட்டது. படித்த அம்மாவே சடையன் இல்லை என்று சொல்லவில்லையே என்று பேசிக்கொண்டார்கள்.

சடையன் கூட்டத்தின் நடுவில் வந்து நின்றார். துண்டைத் தலையிலிருந்து எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "நான் சூடம் அடிக்கறனுங்க. இப்பவே அடிக்கறேன். எம் புள்ள மேல சத்தியமாச் சொல்றேன், நான் எடுக்கலீங்க. சூடத்தக் கொண்டாரச் சொல்லுங்க."

"கண்ணுக்கு முன்னால தெரியுதல்லப்பா" என்றார் ஊர்க்கவுண்டர். குரலில் கோபமில்லை, சங்கடம்தான் இருந்தது. "தெரியாத காரியத்துக்குத்தான் சாமிகிட்டப் போவோம். தெரிஞ்சதுக்கப்புறம் சூடம் அடிச்சா அது சாமியச் சோதிக்கறதாயிரும்."

"எனக்கு வேற ஒண்ணும் வேண்டாமுங்க. சூடம் அடிக்க மட்டும் உடுங்க."

விடவில்லை. மூட்டையைக் கொண்டுவந்து வைக்கும்வரை சடையன் வீட்டு நல்லது கெட்டதுக்கு ஊரார் யாரும் போகக் கூடாது, அவர் வீட்டாரும் ஊரார் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது, கோயிலுக்குள் வரக் கூடாது என்று முடிவு சொன்னார்கள். எடுக்காத மூட்டையை அவர் எங்கே போய்க் கொண்டுவருவார்? எடுத்த மகராசன் அந்தக் கூட்டத்திலேயே நின்று மானிட்டரைப் பார்த்திருப்பான். அவனுக்கு இனிச் சத்தியமும் இல்லை, பயமும் இல்லை. மூட்டை களத்துக்கு வரவே இல்லை.

கூட்டம் கலைந்தது. நான் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். சடையன் வந்து மானிட்டர் பக்கத்தில் நின்றார். துண்டைச் சும்மாடாகச் சுற்றினார்.

"அண்ணே, வேண்டாம், நாங்க தூக்கிக்கிறோம்" என்றேன்.

"பேசின வேலைங்க" என்றார். பெட்டியைத் தலையில் ஏற்றி, ஜீப் நிற்கிற இடம் வரை கொண்டுபோய் வைத்தார். மறுநாளிலிருந்து வேலைக்கு வரவில்லை.

சென்னைக்கு வந்த பிறகு அந்த டேப்பை ஸ்டூடியோ டெக்கில் போட்டேன். மலையில் இருந்தது சின்ன மானிட்டர். கேமராவில் ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்திப் பார்க்கவும் தோதில்லை. இங்கே பெரிய மானிட்டரும், கையால் சுற்றி ஃபிரேம் ஃபிரேமாகப் பார்க்கிற சக்கரமும் இருந்தன. அந்த ஆள் களத்துப் பக்கம் தலைகாட்டுகிற முதல் ஃபிரேமிலிருந்து மெதுவாகச் சுற்றினேன்.

மரத்துக்கு இந்தப் பக்கம், ஒரு வீட்டு மண்சுவருக்கு முன்னால் வரும்போது தலை வெளுப்பாக இருந்தது. வெள்ளைத் துண்டு. முள்முருங்கையை நெருங்க நெருங்க அது சிவந்தது. பூவுக்கு நேர் முன்னால் நல்ல சிவப்பு. மரத்தைத் தாண்டியதும் மறைவதற்கு முன் ஓர் எட்டு வைக்கிறான், அதில் மறுபடியும் வெள்ளை. மலையில் நாங்கள் அத்தனை பேரும் நடுவில் இருந்த சிவப்பையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறோம். முன்னாலும் பின்னாலும் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

இயக்குநரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவரே சக்கரத்தைச் சுற்றி இன்னொரு தடவை பார்த்தார். "அடுத்த ஷெட்யூல் போறப்ப சொல்லிடலாம்" என்றார். அடுத்த ஷெட்யூல் மழைக்காலத்தில். அதுவரை ஒரு மனிதன் திருடனாக இருக்க வேண்டுமா?

கடிதம் எழுதிப் போட்டேன், பதில் இல்லை. சேந்தமங்கலத்தில் யாரிடமாவது டிவியும் விசிஆரும் இருக்கும், ஒரு பிரதி எடுத்துக்கொண்டு நானே போகலாம் என்று அந்தக் காட்சியைச் சாதாரண வீடியோ கேசட்டில் பதிவு செய்தேன். போட்டுப் பார்த்தால் தலையில் கைவைத்துக்கொண்டேன். அந்தக் கேசட் நிறத்தை இன்னும் மோசமாகப் பிடிக்கும். பூவின் சிவப்பு வெற்றிலை எச்சில் மாதிரி நாலு பக்கமும் வழிந்து, அந்த ஆள் வருவதிலிருந்து போவது வரை முழுக்கச் சிவப்பாக இருந்தான். அதைக் கொண்டுபோய்க் காட்டியிருந்தால் சடையனை நானே இரண்டாம் தடவை திருடனாக்கியிருப்பேன். மானிட்டரைப் புகைப்படமாக எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். சும்மா கட்டம் கட்டமாக இருந்தது. நடந்தால்தான் அது ஆள். நிறுத்தினால் அது கறை. ஆக, அந்த மனிதன் குற்றமற்றவன் என்பதை, அந்த டேப்பும் அந்த டெக்கும் பெரிய மானிட்டரும் சேர்ந்த இடத்தில்தான் காட்ட முடியும். அவை அத்தனையும் மலைக்குப் போகும்வரை காத்திருப்பதைத் தவிர எனக்கு வழி தெரியவில்லை.

பலாப்பழப் பருவத்தில் மறுபடி போனோம். வெளிநாட்டுக்காரர்கள் உடன் வந்து பார்க்க விரும்பியதால் டெக்கும் பெரிய மானிட்டரும் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். போன தடவை எடுத்த டேப்பைப் பத்திரமாக என் பையிலேயே வைத்திருந்தேன். போய் இறங்கியதும் முதல் காரியமாக ஊர்க்கவுண்டரைப் பார்த்துக் கூட்டம் போடச் சொன்னேன்.

"உங்க கடுதாசி வந்துச்சுங்க அம்மிணி" என்றார். "ஆனா காயிதத்துல எழுதினா ஆச்சுங்களா? படத்துல பாத்த சனம், படத்துலதான் மாத்திப் பாக்கோணும்."

சடையனைப் பற்றிக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார். பெரக்கரைக்காரர்கள் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மகள் திருப்பூர்ப் பக்கம் மில் வேலைக்குப் போய்விட்டாள். அவருடைய மிளகை ஊராரோடு சேர்த்து வண்டியில் ஏற்றவில்லை. தனியாகத் தலைச்சுமையாகவே கீழே கொண்டுபோய்ப் போட்டிருக்கிறார்.

அதே வெட்டவெளி, அதே கல்மேடை. சாரல் விட்டு விட்டுப் பெய்தது. டெக்கைத் திறந்து சுவிட்சைப் போட்டால், உள்ளே ஈரம் என்று எச்சரிக்கை வந்தது. மழைநேரத்தில் மலையில் அது சகஜம். கேசட்டை உள்ளே வாங்காது. கூட்டம் காத்திருக்கிறது. பனி மறுபடி இறங்குவதற்குள் முடிக்க வேண்டும். "எப்படியாவது ஓட்டிப் பாருங்க மேடம், ஒரு நிமிஷம்தானே" என்கிறார் இயக்குநர். நான் மாட்டேன் என்றேன். உள்ளே சுழல்கிற டிரம்மின் ஈரத்தில் டேப் ஒட்டினால் மெஷின் அதைச் சுருட்டிக் கிழித்துவிடும். உலகத்திலேயே சடையனுக்குச் சாட்சி அந்த ஒரு டேப்தான். இந்த இடத்தை மட்டும் நீங்கள் நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: சுற்றி எத்தனை பேர் நின்று முறைத்தாலும் மெஷின் காய்கிறவரை கையைக் கட்டிக்கொண்டு நிற்கத் தெரிய வேண்டும். கூட்டத்தில் சிலர் முணுமுணுத்தார்கள். இரண்டு பேர் கிளம்பியே போய்விட்டார்கள். எச்சரிக்கை அணைந்த பிறகுதான் கேசட்டைப் போட்டேன்.

இந்தத் தடவை பாடம் நடத்தவில்லை. "நான் ஒண்ணும் சொல்ல மாட்டேங்க. நீங்களே பார்த்துச் சொல்லுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, சக்கரத்தை மெதுவாகச் சுற்றினேன்.

"வெள்ளைத் துண்டு" என்றார் காளியண்ணன். கொஞ்சம் சுற்றினேன். "செவக்குது... ஏனுங்க, பூவுகிட்டப் போகப் போகச் செவக்குது." இன்னும் கொஞ்சம். "அட, மறுக்காவும் வெள்ளை!" அவரே எழுந்து வந்து கண்ணாடியில் விரலை வைத்துப் பார்த்தார். மலையில் பாதிப் பேர் கட்டுவது வெள்ளைத் துண்டுதான். அவர் தலையிலேயே ஒன்று இருந்தது.

ஊர்க்கவுண்டர் எழுந்தார். "பொட்டியே சொல்லிப்போட்டுது. சடையன் மேல குத்தமில்லை. இன்னையிலிருந்து எல்லாரும் போக்குவரத்து வெச்சுக்கலாம்" என்றார். ஓர் ஆளை அனுப்பிச் சடையனை வரச் சொன்னார்.

எனக்கு அப்பாடா என்றிருந்தது. நல்ல காரியம் செய்துவிட்டேன் என்றுகூட நினைத்தேன்.

சடையன் வந்தார். இளைத்திருந்தார். தலையில் ஒன்றும் இல்லை. ஊர்க்கவுண்டர் விஷயத்தைச் சொல்லி, "வாப்பா, நீயும் ஒருக்காப் பாரு" என்றார். சடையன் மானிட்டர் பக்கம் திரும்பவே இல்லை.

"நான் எதுக்குங்க பாக்கறேன்? நான் அங்க போகலைன்னு எனக்குத் தெரியாதுங்களா?" என்றார். பிறகு மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். சூடம். எத்தனை நாளாக மடியில் வைத்துக்கொண்டு அலைந்தாரோ, ஓரமெல்லாம் கரைந்து போயிருந்தது. "இப்பவாச்சும் அடிக்கறனுங்க" என்றார்.

"இனி அதுக்கு என்னப்பா அவசியம்? அதான் தீந்துபோச்சே" என்றார் ஊர்க்கவுண்டர், தட்டிக்கொடுக்கிற குரலில்.

"பொட்டி திருடன்னு சொல்லுச்சு, நம்புனீங்க. பொட்டி இல்லைன்னு சொல்லுது, நம்பறீங்க. நடுவுல நான் சொன்னதுக்கு?"

ஊர்க்கவுண்டர் அவர் தோளைத் தொட வந்தார், பிறகு கையை இறக்கிக்கொண்டார். அதற்குள் பின்னால் இருந்து யாரோ, "அம்மிணி, எங்க ஊடு தெரியுதுங்களா? கொஞ்சம் ஓட்டுங்க" என்றார்கள். இன்னொருவர் தன் மாட்டுக்கொட்டகையைக் கேட்டார். இயக்குநர் டேப்பை ஓடவிட்டார். கூட்டம் முழுக்கத் திரும்பி மானிட்டரை மொய்த்துக்கொண்டது. "அதோ எங்க பலாமரம்", "அய்யோ, எங்க கெழவி முத்தத்துல நிக்குது பாரு" என்று ஒரே சிரிப்பு. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். சிரித்து நாளாகியிருக்கும் அவர்களுக்கும்.

ஒரு விஷயத்தை உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன், அறிவுரை என்றே வைத்துக்கொள்ளுங்கள். கைக்கு வருகிற ஒவ்வொரு மெஷினும் எதைப் பதிவு செய்யாமல் விடுகிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். விட்டதை அது தானாக இட்டு நிரப்பும், நிரப்பினேன் என்று உங்களிடம் சொல்லாது. உங்கள் கார்டும் அப்படித்தான். அடுத்த ஆள் தலையில் பழி விழுகிற மாதிரி யாராவது ஏதாவது கேட்டால், நிறத்தைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டு நிற்காதீர்கள், நான் நின்றது போதும். சுவிட்சை அணையுங்கள். வேலை போனாலும் பரவாயில்லை.

அன்றைக்கு மானிட்டர் முன்னால் எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தபோது சடையன் தனியாகக் கோயில் வாசலுக்குப் போனார். வாசல்கல்லில் சூடத்தை வைத்து, சாரலுக்கு முதுகைக் காட்டிக் குந்தி, தீக்குச்சியைக் கிழித்தார். இரண்டு குச்சி அணைந்தது. மூன்றாவதில் பற்றியது. கண்ணை மூடி ஏதோ சொன்னார், இங்கே இருந்த சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. எரிகிற சூடத்தை உள்ளங்கையால் ஓங்கி அடித்து அணைத்தார்.

எழுந்து திரும்பினார். ஊரே முதுகைக் காட்டி நின்றது. நான் மட்டும்தான் அவர் பக்கம் பார்த்தபடி நின்றிருந்தேன். என்னிடம் வந்து, கரிப்பிடித்த உள்ளங்கையை விரித்துக் காட்டினார்.

"நீங்க பாத்தீங்களுங்களா அம்மிணி?"

"பார்த்தேண்ணே" என்றேன்.

"சரிங்க" என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கிப் போனார்.